அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைகள்

மனநோய்க்கு மருந்தே கிடையாது என்றிருந்த காலம் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், வெறிநிலையில் இருந்த நோயாளிகளை லித்தியம் தணிப்பதைக் கண்டு எழுதினார். 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் புழக்கத்துக்கு வந்தது. அதன்பின் வந்த மருந்துகள் ஏராளம். இன்று மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு எல்லாவற்றுக்குமான மாத்திரைகள் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். இருந்தும், இந்த நோய்கள் உள்ள வீடுகளில் பீரோவுக்குள், துணிகளுக்கு அடியில், பாதி பிரித்த அட்டைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. பத்து மாத்திரை அட்டையில் நான்கு குழி காலி, ஆறு அப்படியே இருக்கிறது. அந்த ஆறு ஏன் மிஞ்சியது என்று கேட்டால் வீட்டிலும் மருத்துவமனையிலும் வரும் பதில் ஒன்றுதான்: “ஒழுங்கா மாத்திரை போடுறதில்லை.” பழி நோயாளியின் தலையில் விழுகிறது, பேச்சு அத்தோடு முடிகிறது. இந்தப் பதில் தவறு என்பது என் கருத்து. மாத்திரை மிஞ்சுவதற்குப் பெரும்பாலும் காரணம், மருத்துவரைப் பார்த்த ஒரு நாளுக்கும் அடுத்த முறை பார்க்கும் நாளுக்கும் நடுவில் நோயாளியோடு மருந்தைப் பற்றிப் பேச யாருமே இல்லாததுதான். அந்த இடைவெளியில் மாதந்தோறும் அந்தக் குடும்பத்தை நேரில் பார்க்கிற, மருந்து படித்த ஒருவர் இருக்கிறார். அவர் மருந்தாளுநர். அவரை மாத்திரை எண்ணித் தருபவராக மட்டுமே நாம் வைத்திருக்கிறோம்.

மருந்தை விடுவது மனநோயாளிகளின் குணம் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்றது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். சர்க்கரை மாத்திரையை விட்டவரை யாரும் பைத்தியம் என்பதில்லை. மனநோய் மருந்துகளில் சிக்கல் இன்னும் கூடுதல் என்பது உண்மை. அமெரிக்காவில் மனச்சிதைவு நோயாளிகள் ஏறத்தாழ 1,500 பேரை வைத்து நடந்து 2005இல் வெளியான கேட்டி ஆய்வில், 18 மாதம் முடிவதற்குள் 74 சதவீதம் பேர் தங்களுக்குத் தரப்பட்ட மருந்தை நிறுத்தியிருந்தார்கள். சிலர் தாமாக நிறுத்தினார்கள், சிலருக்குப் பக்கவிளைவால், சிலருக்குப் பயன் போதாமல் மருத்துவரே நிறுத்தினார். தொடர்ந்து கவனிக்க ஆட்கள் இருந்த ஆய்விலேயே இந்த நிலை என்றால், இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்துவதன் விலை பெரிது. ஸ்டெஃபான் லாய்க்ட்டும் சகாக்களும் 2012இல் லான்செட் இதழில் 65 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள்: மனச்சிதைவு மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம். முதல்முறை மனச்சிதைவு கண்டவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ராபின்சன் குழுவின் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. நோய் திரும்புவது என்ற சொல் காகிதத்தில் சின்னதாக இருக்கிறது. வீட்டில் அதற்குப் பொருள், மறுபடி தூங்காத இரவுகள், போன வேலை, நின்ற படிப்பு, தெரு கூடி வேடிக்கை பார்த்த அவமானம். “இங்கிலீஷ் மருந்தும் கேட்கலை” என்று குடும்பம் முடிவு கட்டுவதும் இங்கேதான். மந்திரிக்கவும் கட்டிவைக்கவும் கொண்டுபோகும் பாதை அந்த முடிவிலிருந்து பிரிகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு எரிந்து இறந்த 28 மனநோயாளிகளை நினைக்கும்போது, அந்தச் சங்கிலியின் காலத்தில் மருந்தும் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

சரி, ஏன் நிறுத்துகிறார்கள்? காரணங்களைக் கேட்டால் பெரும்பாலானவை நியாயமானவை. ஓலன்சபின் எடுத்தால் பசி அடங்காமல் சில மாதங்களில் உடம்பு ஊதுகிறது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் அது சின்ன விஷயம் இல்லை. ரிஸ்பெரிடோன் எடுக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசியலாம். அதை ஆண் மருத்துவரிடம், அதுவும் மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு, எத்தனை பேர் சொல்வார்கள்? சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி. ஆண்களுக்கு வரும் பாலியல் குறைபாடும் அப்படியே வாய் திறக்கப்படாமல் மாத்திரையை நிறுத்துகிறது. கை நடுக்கம், எச்சில் வடிதல், காலை பத்து மணி வரை கலையாத தூக்கம் ஆகியவற்றோடு வேலைக்குப் போக முடியாதவர், வேலையா மாத்திரையா என்று தேர்ந்தெடுக்கிறார். மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் சிக்கல் வேறு வகை. முதல் வாரமே குமட்டலும் படபடப்பும் வந்துவிடும். பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். கெடுதல் முன்னால் வந்து நன்மை பின்னால் வருகிற மருந்தை, அதை முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்தால், பத்தாம் நாள் நிறுத்துவதுதான் அறிவுள்ள எவரும் செய்யக்கூடியது. சட்டென்று நிறுத்தும்போது தலைசுற்றலும் உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அதை வைத்து “அடிமையாக்கிவிட்டது” என்று ஊரே பேசும். உண்மையில் பழக்கமாகி அடிமைப்படுத்தக்கூடியவை அல்பிரசோலம், டயசிபாம் போன்ற வேறு குடும்பத்து மாத்திரைகள். இரண்டு வகைக்கும் ஊரில் ஒரே பெயர், தூக்க மாத்திரை. இந்த ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கினாலே பல அட்டைகள் காலியாகும். அதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை, ஐந்து நிமிடமும் மருந்தறிவும் போதும்.

அந்த ஐந்து நிமிடம் மனநல மருத்துவரிடம் இல்லை. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்ததாகவும், பெரும்பாலான கோளாறுகளில் சிகிச்சை எட்டாதவர்கள் எழுபது சதவீதத்துக்கு மேல் என்றும் காட்டியது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் என்ற அளவைக்கூட நாடு எட்டவில்லை. காலையில் நூறு பேரைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு அதே மருந்தை எழுதத்தான் நேரம் இருக்கும். மருந்துக்கடையின் நிலை வேறு. தெருவுக்கு ஒன்று இருக்கிறது. நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டாம், மனநல மருத்துவமனைக்குள் நுழைவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். இன்னொன்றும் உண்டு, அதை அதிகம் யாரும் யோசிப்பதில்லை. முப்பது நாள் மாத்திரை வாங்கிப்போனவர் நாற்பத்தைந்தாம் நாள் வந்தால், நடுவில் பதினைந்து நாள் என்ன ஆனது என்ற கேள்வி கடைக்காரரின் ரசீதிலேயே இருக்கிறது. நோய் திரும்புவதற்கு முன்னால் கிடைக்கும் முதல் எச்சரிக்கை அது. மருத்துவரின் கோப்பில் அது ஏறுவதில்லை. “போன மாசத்து மாத்திரையில ஏதாவது மிச்சம் இருக்காம்மா?” என்று குற்றம் சாட்டாத குரலில் கேட்கத் தெரிந்தவர் கடையில் இருந்தால், அந்த எச்சரிக்கை வீணாகாது.

சில மருந்துகளில் இந்தக் கேள்வி உயிர் காக்கும். குளோசபினை எடுத்துக்கொள்வோம். வேறு எந்த மருந்துக்கும் மசியாத மனச்சிதைவுக்குத் தரப்படுவது அது. ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் ஆபத்து இருப்பதால், தொடங்கிய முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். “நாலு நாளா போடலை, இன்னிக்கு ராத்திரியிலிருந்து போடச் சொல்றேன்” என்று சொல்லி மாத்திரை வாங்கும் தாயிடம், நில்லுங்கள் அம்மா, முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியவர் கடையில் நிற்பவர்தான். இதே மருந்து எடுப்பவர் பீடியையோ சிகரெட்டையோ திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் குளோசபின் அளவு ஏறும். மலச்சிக்கலை அலட்சியம் செய்தால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். லித்தியத்துக்கும் இப்படி ஒரு குறுகலான வரப்பு உண்டு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலோருக்கு மருந்து. அதைத் தாண்டி மேலே போகப்போக நஞ்சு. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் என்று அதே கடையில் வாங்கும் வலி மாத்திரை லித்தியத்தை ஏற்றிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் வயலிலும் கட்டட வேலையிலும் உடம்பு நீர் வற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும். லித்தியம் எழுதியவர் ஒரு மருத்துவர், மூட்டுவலிக்கு எழுதியவர் இன்னொருவர். இரண்டு சீட்டும் போய்ச் சேரும் ஒரே இடம் மருந்துக்கடை. வால்புரோயேட் எடுக்கும் இளம்பெண் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும் என்பதும் இந்த வரிசையில் சேரும். நாள் தள்ளிப்போனதும் பயத்தில் எல்லா மருந்தையும் தூக்கிப்போடுவதும் ஆபத்து, சிசுவுக்குக் கேடு தரும் மருந்தைத் தெரியாமல் தொடர்வதும் ஆபத்து. சின்ன விஷயம் ஒன்றும் உண்டு: கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். இதுவும் அதே மருந்துதான் என்று யாரும் சொல்லாவிட்டால், ஏற்கெனவே சந்தேகம் நோயாகவே இருக்கிறவர் அதை எப்படி நம்பி விழுங்குவார்?

இதெல்லாம் நல்ல எண்ணமுள்ள மருந்தாளுநர் விரும்பினால் செய்யும் உபகாரம் என்று நினைத்தால் அது தவறு. இந்தியாவின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள் 2015, மருந்துச் சீட்டைப் பெற்றதும் பதிவுபெற்ற மருந்தாளுநர் தாமே பேச்சைத் தொடங்கி, மருந்தின் பெயர், அளவு, எதற்காகத் தரப்படுகிறது, எந்தப் பக்கவிளைவு வரலாம், எந்த மருந்தோடு ஒத்துவராது, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பதையெல்லாம் நோயாளிக்கோ உடனிருப்பவருக்கோ சொல்ல வேண்டும் என்கிறது. சட்டம் வந்து பத்தாண்டு கடந்துவிட்டது. நம்மில் எத்தனை பேருக்குக் கடையில் இதில் ஒரு வரியாவது சொல்லப்பட்டிருக்கிறது? மற்ற நாடுகள் இதைத் தனிச் சேவையாக்கி, அதற்குத் தனியாகக் கட்டணமும் தருகின்றன. இங்கிலாந்தில் 2011 அக்டோபரில் தொடங்கிய புதிய மருந்துச் சேவையில், நீண்டகால மருந்தைப் புதிதாகத் தொடங்குபவரிடம் மருந்தாளுநர் ஒன்றிரண்டு வாரங்களில் ஒரு முறையும் பிறகு மறுபடியும் பேசுகிறார். 504 பேரை வைத்து நடந்த ஒப்பீட்டில், பத்து வாரம் கழித்து மருந்தை முறையாகத் தொடர்ந்தவர்கள் வழக்கமான முறையில் 61 சதவீதம், இந்தச் சேவையில் 71 சதவீதம். அந்த ஆய்வு சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றைப் பற்றியது. மனச்சோர்வு மருந்துகள் சேவைக்குள் வரப் பதினான்கு ஆண்டு, 2025 வரை, ஆயிற்று. அங்கேயும் மனம் கடைசி வரிசையில்தான் நின்றது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம் 2014இலேயே ப்ளூம் என்ற பெயரில் மனநோயாளிகளுக்கென்று மருந்துக்கடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சான்றை மறைக்க விரும்பவில்லை. மனச்சோர்வுக்கு மருந்தகம் வழியாகத் தரப்படும் உதவி குறித்து 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 12 ஆய்வுகளில் 2,215 பேரைப் பார்த்தது. மருந்தைத் தொடர்வது கூடியிருக்கலாம், ஆனால் மனச்சோர்வு அதனால் குறைந்ததற்குச் சான்று இல்லை என்றது. 2011இல் வந்த முந்தைய தொகுப்பாய்வும் மருந்தைத் தொடர்வது கூடியதைத்தான் உறுதியாகக் காட்டியிருந்தது. அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். என் பதில் இரண்டு பகுதி. மனச்சோர்வில், குறிப்பாக லேசானவற்றில், மருந்தின் பங்கே அளவானது. ஆகவே மருந்தைச் சரியாக எடுப்பதால் கிடைக்கும் கூடுதல் நன்மையும் அளவாகத்தான் இருக்கும். மனச்சிதைவில் 27க்கும் 64க்கும் உள்ள தூரம் வேறு கதை. இரண்டாவது பகுதி முக்கியமானது. அந்த ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்கள் இருந்த நாடுகளில், வழக்கமான சிகிச்சை என்பதிலேயே குடும்ப மருத்துவர், பதிவேடு எல்லாம் உண்டு. இங்கே வழக்கம் என்பது பல நேரம் வெறுமை. நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2014இல் லான்செட்டில் வந்த காப்சி ஆய்வு, தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தில் மனச்சிதைவு உள்ள 282 பேரைப் பின்தொடர்ந்தது. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் அதில் பங்கேற்றது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் உதவியபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோய்க்குறிகளும் முடக்கமும் ஓரளவு குறைந்தன. தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் மருந்தாளுநர்கள் அல்ல என்பது சரி. ஆனால் நடுவில் ஒரு மனிதர் இருப்பது, வேறு ஒன்றுமே இல்லாத இடத்தில் எவ்வளவு செய்யும் என்பதற்கு அது போதுமான சான்று. மருந்தாளுநர் தனியாக நோயைத் தீர்ப்பார் என்று நானும் சொல்லவில்லை.

இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று நோயாளிகள் தரப்பிலிருந்து வருகிறது. மருந்தைத் தொடரச் செய்வது என்ற பேச்சே கண்காணிப்பின் வேறு பெயர்; மருத்துவர், குடும்பம் போதாதென்று இப்போது கடைக்காரருமா? இந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. பழைய மருத்துவ நூல்கள் இதைக் கீழ்ப்படிதல் என்ற பொருள்படும் சொல்லால்தான் குறித்தன. 1997இல் பிரிட்டனின் மருந்தாளுநர் சங்கமே அதை மறுத்து, நோயாளியும் சிகிச்சை தருபவரும் பேசி உடன்படுவதே நோக்கம் என்று எழுதியது. மருந்தைக் குறைக்க விரும்புவதும் பைத்தியக்காரத்தனம் இல்லை. நெதர்லாந்தில் வுண்டெரிங்க் குழு ஏழாண்டுகள் தொடர்ந்து, 2013இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மனச்சிதைவு தணிந்தபின் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தைக் குறைத்தவர்களில் 40 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள்; அளவு குறையாமல் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம்தான். 2023இல் வந்த பிரிட்டனின் ரேடார் ஆய்வு நேர்மாறாக, நாள்பட்ட நோயாளிகளுக்குக் குறைத்தபோது கடுமையாக நோய் திரும்பியவர்கள் 25 சதவீதம், குறைக்காதவர்களில் 13 சதவீதம், வாழ்க்கைத்திறனில் ஆதாயமும் இல்லை என்றது. யாருக்கு எது பொருந்தும் என்பது திறந்த கேள்வி. ஆனால் இரண்டு ஆய்விலும் மருந்தைக் குறைத்தது படிப்படியாக, மருத்துவர் அறிய. பீரோவில் ஒளித்துவைத்து நிறுத்துவது அதில் சேராது. ஆகவே மருந்தாளுநரின் வேலை எப்படியாவது விழுங்க வைப்பது என்று நான் கருதவில்லை. “நிறுத்தணும்னு தோணுதா? ஏன்னு சொல்லுங்க, டாக்டருக்கு எழுதித் தர்றேன்” என்று சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும். இதே காரணத்தால், சாம்பாரிலும் காபியிலும் கலந்து கொடுக்க வாசனையில்லாத மாத்திரை கேட்டு வரும் குடும்பத்துக்கு அவர் உடனே உதவிவிடக் கூடாது. அந்தக் குடும்பத்தின் தவிப்பு உண்மையானது. ஆனால் ஒரு நாள் அது தெரிந்துவிட்டால், தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்ற நோயாளியின் சந்தேகம் நிரூபணமாகிவிடும். சோறும் போகும், மருந்தும் போகும்.

கடையைப் பற்றிய ஆட்சேபம் நமக்கே உரியது. பல கடைகளில் சுவரில் தொங்கும் சான்றிதழ் ஒருவருடையது, மாத்திரை எடுத்துத் தருபவர் வேறொருவர். 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணையில் வந்த அல்பிரசோலத்தை விற்றால் நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும்; சீட்டே இல்லாமல் அதை வாங்க முடிகிற கடைகள் இருக்கின்றன. மாத்திரை விற்றால் லாபம் பெறுபவர், மாத்திரையைத் தொடரச் சொன்னால் நம்புவதெப்படி? கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது “அந்த நரம்பு மாத்திரையா?” என்று உரக்கக் கேட்பவரிடம் ரகசியம் தங்குமா? இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலான பதில் உதவாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. பேசுவதற்கு ஓர் ஓரமும் ஒரு நாற்காலியும் இல்லாத கடையில் இந்தப் பேச்சு நடக்கக் கூடாது. மருந்தாளுநர் இல்லாத கடையிலும் நடக்கக் கூடாது. ஆகவே தொடங்க வேண்டிய இடம் தனியார் கடை இல்லை.

லாபமும் சான்றிதழ் வாடகையும் இல்லாத இடம் அரசு மருத்துவமனை. மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய மருத்துவப் பணிகள் கழகம் தமிழ்நாட்டில் 1994இலிருந்து இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய், மாதாமாதம் கேட்டு வரும் பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்தியல் படித்தவர்கள் அல்லது அவர்களின் ஒப்புதல் பெற்றவர்கள் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய நல மையம் முதல் மேலே எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லா நேரத்திலும் என்ற அந்தச் சொல்லை யாராவது காக்க வேண்டும். ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று திருப்பி அனுப்பினால், மருந்தை விட்டவர் நோயாளி அல்ல, நாம். இருப்பு குறைவதை முன்கூட்டி அறியக்கூடியவரும் மருந்தாளுநரே.

மாவட்ட மருத்துவமனைகளில் மருந்து தரும் ஜன்னல்கள் வரிசையாக இருக்கின்றன. கம்பிக்கு அந்தப்பக்கம் ஒரு கை, இந்தப்பக்கம் நீண்ட வரிசை, நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை. மனநலப் புறநோயாளிப் பிரிவு நடக்கும் நாளில் அந்த ஜன்னல்களில் ஒன்றை மூடிவிட்டு, அந்த மருந்தாளுநரை உள்ளே ஒரு மேசையில், இரண்டு நாற்காலியோடு உட்காரவைக்கலாம். நோயாளிகள் வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளையும் எடுத்துவரட்டும். அவற்றை அவர் நோயாளியோடு சேர்ந்து எண்ணட்டும், ஏன் மிஞ்சியது என்று கேட்கட்டும், சொன்னதை அதே ஓ.பி. சீட்டில் இரண்டு வரி எழுதி மருத்துவர் அறைக்குத் திருப்பி அனுப்பட்டும். வீட்டுக்குப் போனபின் இரவில் பயம் வந்தால் அழைக்க, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416ஐ மாத்திரை உறையின் மேலேயே எழுதித் தரட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். வேண்டியது மருந்தாளுநர்களுக்குச் சில நாள் பயிற்சியும், அந்த ஒரு ஜன்னலை மூட மருத்துவமனைக் கண்காணிப்பாளர் போடும் ஒரு கையெழுத்தும்.